பேரருவிக்கு நூறடி தள்ளி

வடகரையில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனாருக்கும் அவருடைய மச்சானுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மச்சான் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பத்திரிகை கொடுக்காமல் விட்டாயிற்று. ஆனாலும் கல்யாணம் நடக்கிற விஷயம் அவன் காதில் விழாவிட்டால், அவ்வளவு செலவு செய்து நடத்தி என்ன பிரயோஜனம்? அதற்காகவே தென்காசியிலிருந்து தளவாயின் மைக் செட்டை அமர்த்தினார். "ஒரு மைல் கேக்கும்" என்று தளவாய் சத்தியம் செய்திருந்தார். மூன்று நாள் பாட்டு ஓடியது. நாலாம் நாள் மச்சான் கடைத்தெருவில் எதிரே வந்து, "என்ன மாப்ளே, மகளுக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டான்.

பெண்ணின் தகப்பனார் நேரே தென்காசிக்கு பஸ் ஏறினார். தளவாயின் கடை வாசலில் நின்று, எந்த மைக்கும் இல்லாமல், கடைத்தெரு முழுவதும் கேட்கும்படி பேசினார்.

"இப்ப நான் பேசுததுல பாதி சத்தம் வந்துச்சா வே உம்ம குழாயில?"

1961ஆம் வருஷம் ஆனி மாதம், தென்காசி வட்டார ஒலிபெருக்கி உரிமையாளர் சங்கம் பிறந்தது இப்படித்தான்.

வட்டாரத்தில் மொத்தம் பதினோரு மைக் செட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மைல் கேட்கும். செங்கோட்டைக்காரருடையது மட்டும் இரண்டு மைல். இனிமேல் அவரவர் வாய்க்கு வந்த மைலைச் சொல்லக்கூடாது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தரம் வேண்டும் என்பது சங்கத்தின் முதல் தீர்மானம்.

பதினோரு உறுப்பினர்களில் பத்துப் பேர் ஆண்கள். பதினோராவது உறுப்பினர் இலஞ்சி பேச்சித்தாய். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவள் அப்பா, "நகை போடவா, மாடு வாங்கித் தரவா?" என்று கேட்டார். "மைக் செட்டு வாங்கித் தாங்க" என்றாள். மாப்பிள்ளை செல்லச்சாமி அப்போது தளவாயிடம் மரமேறிக் குழாய் கட்டுகிற வேலையில் இருந்தான். தென்னை உச்சியில் கூம்புக் குழாயைக் கட்டுவதிலும் ஒயர் இழுப்பதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாயைத் திறப்பதில் அவனை மிஞ்சாத ஆளே கிடையாது. அதனால் குழாயும் ஒயரும் அவன் பொறுப்பு, மைக்கும் பேச்சும் அவள் பொறுப்பு என்று முதல் வாரத்திலேயே பிரித்துக்கொண்டார்கள். குடும்பமும் அப்படியே நடந்தது.

செட்டு சின்னது. பதினைந்து வாட் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய். ஆனாலும் இலஞ்சி முருகன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வருஷமாக அதுதான் போனது. அந்தப் பத்து நாளை நம்பித்தான் பாக்கி வருஷம். மற்றபடி காதுகுத்தும் சடங்கு வீடும், எப்போதாவது ஒரு தேர்தலும்.

சங்கம் கூடியது சேக் தாவூது நூல் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் மாடியில். தாவூதுக்கு நெசவும் நூல் வியாபாரமும் முதல் தொழில், மைக் செட் இரண்டாம் தொழில், ஆட்சேபம் தெரிவிப்பது மூன்றாம் தொழில். நாலு குழாய் வைத்திருந்த தளவாய் தலைவரானார். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆவுடைநாயகம் செயலாளர் ஆனார். அவர் பத்து வருஷம் தந்தி ஆபீஸில் இருந்தவர். அஸ்ஸாமுக்கு மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு மைக் செட் வாங்கினார். தந்தியில் சொல்லுக்குக் காசு. அந்தச் சிக்கனம் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளை வந்தார். உட்காரவும். முகூர்த்தம் பத்தரை" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு யாரும் அவர் செட்டை அமர்த்தவில்லை. முழு நேரமும் சங்கத்துக்குக் கிடைத்தார்.

"சத்தத்த எப்படி வே அளக்கது?" என்று தளவாய் கேட்டார்.

"மெட்ராஸ்ல மீட்டர் இருக்காம்" என்றார் ஒருவர்.

"அந்த மீட்டர் சரின்னு யாரு அளந்தா?" என்றார் சேக் தாவூது. ஆட்சேபம் பதிவானது.

"குழாய வச்சுட்டு நடந்துக்கிட்டே போவோம். எங்கன சத்தம் நிக்குதோ அங்கன ஒரு கல்ல நடுவோம்."

"உமக்கு ஒரு காது கேக்காது. நீரு நடந்தா எல்லாச் செட்டும் தோத்துரும்."

ஆவுடைநாயகம் எழுந்தார். சபை அடங்கியது. அவர் எழுந்தால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார் என்பதால் எல்லாருக்கும் அவர் பேச்சில் ஒரு மரியாதை உண்டு.

"தரம்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணு பேரருவி. அருவிச் சத்தத்துக்கு மேல குரல் கேக்கணும். நூறடில கேட்டா முதல் தரம். அறுபது, ரெண்டாம் தரம். முப்பது, மூணாம் தரம். அதுக்குக் கீழ, தரமில்ல."

உட்கார்ந்தார்.

மேல்தளத்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மைலுக்கு அப்பால் குற்றால மலையில் மேகம் படுத்திருந்தது. அருவி இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இதைவிட நிலையான அளவுகோல் உலகத்தில் உண்டா என்று எல்லாருக்கும் தோன்றியது. சேக் தாவூதுக்கே ஆட்சேபம் கிடைக்கவில்லை. தளவாய் கைதட்டினார். பேச்சித்தாயும் தட்டினாள்.

கேட்பதற்கு ஒரு காது வேண்டுமே? செட் உரிமையாளர் யாரும் கேட்கக்கூடாது. அதனால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசத்தைப் பிடித்தார்கள். இருபது வருஷமாக அருவி ஓரத்திலேயே நிற்பவர். "அந்த இரைச்சல்லயும் யாரு காசு எடுக்காங்கன்னு எனக்குக் கேக்கும்" என்றார். பலவேசத்தின் இரண்டு காதுகளும் சங்கத்தின் அதிகாரபூர்வமான காதுகள் என்று விதி ஐந்து எழுதப்பட்டது. சோதனை நாளில் காதில் எண்ணெய் விட்டுக்கொள்ளக்கூடாது என்பது விதி ஐந்து உட்பிரிவு ஒன்று.

ஆடி மாதத்தில் சோதனை நடந்தது. பலவேசம் அருவிக்கு முன்னால் தடாகத்தின் ஓரத்தில் நின்றார். அவரிடமிருந்து நாடா பிடித்து முப்பது, அறுபது, நூறு அடிகளில் கம்பு நட்டார்கள். மைக்கில் என்ன சொல்வது என்பதை ஆவுடைநாயகம் ஒவ்வொருவருக்கும் ரகசியமாக எழுதிக் கொடுத்தார். சரியாகப் பத்துச் சொல். "மாமா புறப்பட்டார் மாட்டுவண்டி அனுப்பவும் தேங்காய் விலை இறங்கியது கவலை வேண்டாம் ஆவுடை" என்பது ஒன்று. பலவேசம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தளவாயின் நாலு குழாய், நூறடியில் வெறும் வாயசைப்பாக இருந்தது. அறுபதில் பலவேசம் தேங்காய் விலையைப் பிடித்துவிட்டார். இரண்டாம் தரம். சேக் தாவூதுக்கு மூன்றாம் தரம். செங்கோட்டையின் இரண்டு மைல், முப்பதடியைத் தாண்டவில்லை. முதல் தரம் ஒருவருக்கும் இல்லை.

பேச்சித்தாயின் முறை வரவே இல்லை. முந்தின நாள் ஆய்க்குடியில் செல்லச்சாமி மரத்திலிருந்து வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு கிடந்தான். உடம்புக்கு முடியாமல் வராதவர்கள், தங்களுக்கு வசதியான வேறொரு நாளில் சோதனைக்கு வரலாம் என்று விதி ஒன்பது சொன்னது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தை மாதத்தில் இலஞ்சி கோயில் தர்மகர்த்தா அவளைக் கூப்பிட்டனுப்பினார். வயதானவர், நல்லவர், புதிதாக எது வந்தாலும் அதை நம்புகிறவர்.

"சங்கத்துல தரம் போடுதாங்களாமே தாயி? இந்தச் சித்திரைக்கு முதல் தரச் செட்டாப் பாத்து அமர்த்தலாம்னு நெனைக்கேன். சாமி காரியம் பாரு. முதல் தரம் இல்லன்னா ரெண்டாம் தரம். உனக்கு என்ன தரம்?"

"எனக்கு இன்னும் சோதனை நடக்கல்ல பெரியப்பா" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். பதினைந்து வாட், இரண்டு குழாய். ஆடித் தண்ணீரில் முப்பதடி தேறினால் முருகன் புண்ணியம். சித்திரை போய்விடும், தளவாய்க்குப் போய்விடும். அப்புறம் காதுகுத்துதான். வாய்க்கால் பாலத்தில் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேரே ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, விதி ஒன்பதுல, வசதியான நாள்னு இருக்குல்லா. எனக்குப் பங்குனி வசதி."

"பங்குனி. குறித்தேன்" என்றார் ஆவுடைநாயகம்.

பங்குனியில் பேரருவி என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்வது. வழுக்கைத் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடி மாதிரிப் பாறையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு இறங்கியது. பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். குரங்குகள் பேன் பார்ப்பது கேட்டது. பலவேசம் வழக்கமான இடத்தில் நின்றார். பேச்சித்தாய் நூறடியில் நின்று பத்துச் சொல்லைச் சொன்னாள். பலவேசம் பத்தையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "நடுவுல ஒருக்க இருமுனியே தாயி, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

ஆவுடைநாயகம் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். "முதல் தரம்."

தளவாய் கிட்டங்கி மாடிக்கு வந்து குதித்தார்.

"தண்ணியே இல்லாம அருவிய எங்கனகூடி வே அளந்தீரு?"

"விதி மூணு. 'பேரருவிக்கு முன்'. தண்ணின்னு இல்ல. அருவி அங்கன இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முடிஞ்சது."

தளவாய் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். செய்தது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். விதியை எழுதியது அவளில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதைப் பத்துத் தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

தளவாய் நாலு நாள் கோபமாக இருந்தார். ஐந்தாம் நாள் ஆவுடைநாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். போன ஆடியில் நடந்த சோதனையின்போது தனக்குக் காய்ச்சல் இருந்ததாகவும், வெளியே சொல்லாமல் தாங்கிக்கொண்டு கலந்துகொண்டதாகவும், எனவே விதி ஒன்பதின்படி மறு சோதனை வேண்டும் என்றும் கேட்டிருந்தார். மறுநாள் சேக் தாவூதுக்கும் அதே ஆடியில் வயிற்றுவலி இருந்தது நினைவுக்கு வந்தது. பங்குனி முடிவதற்குள் சங்கம் முழுவதும் போன வருஷத்துக் காய்ச்சலில் விழுந்து எழுந்தது. பதினோரு செட்டும் முதல் தரம். சேக் தாவூது சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கிட்டங்கியில் மாட்டினார்.

சித்திரைத் திருவிழாவுக்குப் பதினோரு முதல் தரங்களில் எதை எடுப்பது என்று தர்மகர்த்தா குழம்பினார். முதலில் வாங்கியவள் அவள்தானே என்று பழையபடி பேச்சித்தாயையே அமர்த்தினார். பத்து நாளும் நன்றாகவே நடந்தது.

வைகாசி கடைசியில் குற்றாலம் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இந்த சீசனுக்குப் பேரருவியில் மைக் வைக்கப் போகிறார்கள். காணாமல் போனவர்களைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் கூடினால் குளிப்பவர்களை எச்சரித்து வெளியேற்ற வேண்டும். முதல் தரச் செட்டுதான் வேண்டும். பெண்கள் பக்கமும் இருப்பதால் பெண் குரலாக இருந்தால் நல்லது.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

பஞ்சாயத்து ஆபீசர் ஒழுங்கான மனிதர். சான்றிதழை இரண்டு தரம் படித்தார். நூறடி என்று இருந்ததால், அருவியிலிருந்து நாடா பிடித்துச் சரியாக நூறடியில் குழாயைக் கட்டச் சொன்னார்.

"கொஞ்சம் கிட்டக்க வைப்பமே சார்" என்றாள்.

"எதுக்கும்மா? நூறுக்குத்தானே உங்க சங்கம் சர்டிபிகேட் குடுத்திருக்கு?"

ஆனியில் சாரல் ஆரம்பித்து அருவி நிறைந்தது. முதல் நாளே வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு பையன், "எங்கம்மா சைதூன் பீவியக் காணல்ல" என்று அழாத குறையாக வந்து நின்றான். பையனுக்கு முப்பது வயது. பேச்சித்தாய் ஒரு மணி நேரம் கூப்பிட்டாள். தொண்டை கட்டிவிட்டது. சைதூன் பீவி அந்த ஒரு மணி நேரமும் நூறடி தூரத்தில் அருவிக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆசை தீரக் குளித்துவிட்டு வந்து, "எங்கலே போய்த் தொலைஞ்ச? ஒரு மைக்குல சொல்லியாவது என்னயத் தேடக்கூடாதா?" என்று மகனை வைதார்.

பேச்சித்தாய் சிரித்தாள். செல்லச்சாமி சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியான நேரத்தில் மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே வெயில். அருவியின் நிறம் மாறியதை முதலில் பார்த்தவன் செல்லச்சாமி. வெள்ளைத் தண்ணீர் டீத்தண்ணியாகி, டீத்தண்ணி செம்மண்ணாயிற்று. ஒரு மரக்கிளை சுழன்று விழுந்தது. அவன் கம்பத்திலிருந்து குதித்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினான்.

"பேச்சி, சொல்லு!"

"எல்லாரும் வெளிய வாங்க! தண்ணி கூடுது! வெளிய வாங்க!"

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் கொடுத்துக்கொண்டு, சுகமாக நின்றுகொண்டிருந்தார்கள். சான்றிதழ் பெற்ற குரலில் இன்னும் இரண்டு தடவை கத்தினாள். பிறகு மைக்கை வீசிவிட்டு ஓடினாள். ஆண்கள் பக்கம் செல்லச்சாமியும் பலவேசமும் மற்ற எண்ணெய்க்காரர்களும் பாய்ந்தார்கள். பிடித்த கை எல்லாம் எண்ணெய், பிடிக்கப்பட்ட உடம்பு எல்லாம் எண்ணெய். பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. ஒருவர், தன் முறையை யாரோ பறிக்கிறார்கள் என்று நினைத்துப் பலவேசத்தை அடித்துவிட்டார். பெண்கள் பக்கம் பேச்சித்தாய் கைக்குக் கிடைத்த சடையையும் முந்தானையையும் பிடித்து இழுத்தாள். கடைசியாக, நீளச் சடையைப் பிடித்து இழுத்தது பதினாலு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை. அவள் நின்ற இடத்தில் அடுத்த நிமிஷம் ஒரு கல் வந்து விழுந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு துண்டும் ஒரு பல்செட்டும் போயின. அந்தப் பெண்ணின் தாயார் மகளை அணைத்துக்கொண்டே பேச்சித்தாயிடம் வந்தார்.

"வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? பின்ன என்னத்துக்குட்டி இங்கன மைக்கு வச்சிருக்க?"

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. அவனுக்கு அது பழக்கம். அவளுக்குப் பழக்கமில்லாததால் அவள்தான் முதலில் தாங்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"சர்டிபிகேட்டத் திருப்பிக் குடுத்தா இலஞ்சி போயிரும்."

"போகும்."

"தளவாய் அண்ணாச்சிக்குப் போயிரும்."

"போகும்."

"வேற எதாவது சொல்லுங்களேன்."

செல்லச்சாமி யோசித்தான். "அந்தச் சடை சின்னச் சடையா இருந்திருந்தா?" என்றான்.

அடுத்த கூட்டத்தில் பேச்சித்தாய் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். "எனக்கு இது வேண்டாம். பங்குனில வாங்குனது. பொய்யின்னு தெரிஞ்சுதான் வாங்குனேன். திருப்பி எடுத்துக்கிடுங்க."

ஆவுடைநாயகம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "திருப்ப விதி இல்ல. கொடுக்கத்தான் விதி."

"அப்ப விதிய மாத்துங்க."

விதியை மாற்ற யாருக்கும் மனமில்லை. ஏனென்றால் இப்போது பதினோரு பேரும் முதல் தரம். தளவாய் கடைப் பலகையில் 'முதல் தரம்' என்று சிவப்பு மையில் எழுதியாயிற்று. சேக் தாவூது நோட்டீஸ் அடித்தாயிற்று.

"பாரு தாயி" என்றார் தளவாய், மிகவும் அன்பாக. மூன்று மாதத்துக்கு முன் அதே மாடியில் குதித்தவர். "உன் செட்டு முதல் தரந்தான். எனக்குச் சந்தேகமே கிடையாது. நீதான் மைக்க வாய்க்குக் கிட்ட வச்சுப் பேசிருக்க மாட்ட."

"கொஞ்சம் காத்து எதுத்து அடிச்சிருக்கும் தங்கச்சி" என்றார் சேக் தாவூது.

"குளிக்கவங்களுக்குக் காதுல தண்ணி போயிருக்கும்" என்றார் செங்கோட்டைக்காரர்.

பேச்சித்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பங்குனி மாதத்துத் தன் முகத்தையே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு சான்றிதழை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி. ஆண்டுக் கூட்டத்தையாவது இந்த வருஷம் குற்றாலத்துல வைப்போம். நல்லாக் குளிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, கூட்டம் பேசலாம். சாப்பாடு என் பொறுப்பு."

"கறியா?" என்றார் செங்கோட்டைக்காரர்.

"கறிச்சோறு. தாவூது அண்ணாச்சி வீட்டு மெஹர் பானு மைனிகிட்டச் சொல்லி ஆக்கித் தரச் சொல்லுதேன். கௌரவத்துக்கு மூணு செட்டு கட்டுவோம். என்னோடது, தாவூது அண்ணாச்சியோடது, தலைவரோட நாலு குழாய்."

சங்கத்தின் வரலாற்றில் ஆட்சேபம் இல்லாமல் நிறைவேறிய இரண்டாவது தீர்மானம் அது.

ஆடி பதினெட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அருவி வெள்ளை வெளேரென்று, ஒரு லிங்கம்கூடத் தெரியாமல் கொட்டியது. ஒன்பது உறுப்பினர்களும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்து மணிக்கு உள்ளே போனார்கள். நீர்க்கோவை, தலையில் தண்ணீர் படக்கூடாது என்று ஆவுடைநாயகம் மட்டும் கரையிலேயே தங்கினார். பேச்சித்தாய் அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"நான் சொல்லச் சொல்ல மணியையும் நடந்ததையும் எழுதணும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"தந்தி மாதிரி?"

"தந்தி மாதிரியே."

குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்பவனுக்குக் கடிகாரம் கிடையாது. தலையில் தண்ணீர் விழத் தொடங்கினால், பசி என்று வயிறு சொல்கிற வரை அவனுக்கு உலகம் வேண்டாம். வயிறு சொல்வதும் அங்கே சீக்கிரம் கேட்பதில்லை. இரண்டரை மணிக்கு ஒன்பது பேரும் விரல் நுனியெல்லாம் சுருங்கி, கண் சிவந்து, பல் கிட்டித்து, ஓட்டமாக ஓடி வந்தார்கள்.

மரத்தடியில் கறிச்சோறு வந்த பெரிய தேக்சா கவிழ்ந்து கிடந்தது. ஒரு குரங்கு அதற்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்காரர்கள் வரிசையாகச் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"சோறு எங்க தாயி?" தளவாயின் குரல் உடைந்தது.

"பன்னெண்டு மணிக்கே கூப்பிட்டேனே அண்ணாச்சி."

"எங்க கூப்பிட்ட?"

"மைக்குலதான். முதல் தரத்துல. நூறடில நின்னு."

ஆவுடைநாயகம் எழுந்து நோட்டைப் பிரித்தார்.

"பன்னெண்டு. பேச்சித்தாய் செட். 'சாப்பாடு தயார், வரவும்.' வரவில்லை. பன்னெண்டு இருபது. தாவூது செட். 'கறி ஆறுகிறது, வரவும்.' வரவில்லை. பன்னெண்டு நாப்பது. தலைவர் செட். நாலு குழாய். 'கடைசி அழைப்பு.' வரவில்லை. பன்னெண்டு ஐம்பது. குரங்கு. வந்தது."

சேக் தாவூதுதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தது பசியில் அழுவது மாதிரி இருந்தது.

"எங்க வீட்டுக்காரி காலையில நாலு மணிக்கு எந்திச்சு ஆக்குனது வே! தலைவரே, ஒரு ஆட்சேபம். நம்ம தரம் தரமில்ல."

தளவாய் கவிழ்ந்த தேக்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் கேட்காத கல்யாணத்தைவிட இது அவர் மனதில் ஆழமாகப் போயிற்று. "மாத்தித் தொலைங்க வே" என்றார். "அதுக்கு முன்ன யாராச்சும் நாலு வாழப்பழம் வாங்கிட்டு வாங்க."

விதி மூன்று அங்கேயே திருத்தப்பட்டது. பாறையில் செதுக்கிய லிங்கம் ஒன்றுகூடக் கண்ணில் படாத அளவுக்குத் தண்ணீர் விழும்போதுதான் சோதனை. காய்ச்சல் வந்தாலும் அதே தண்ணீரில்தான். பழைய சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்ந்தது. தண்ணீர் இருந்ததால், மற்ற செட்டுகளையும் ஆள் அனுப்பி வரவழைத்து, சோதனையையும் அன்றைக்கே நடத்திவிட்டார்கள். சாப்பிட்ட மயக்கத்தில் இருந்த பலவேசத்தைத் தட்டி எழுப்பினார்கள். தளவாய் இரண்டாம் தரம். சேக் தாவூது மூன்றாம் தரம். நாலு பேர் தரமில்லை. முதல் தரம் யாருமில்லை.

பேச்சித்தாய் அறுபதில் தோற்றாள். முப்பதுக்கு வந்தாள். பலவேசம் காதில் கை வைத்துக் குனிந்து நின்றார். பத்தில் ஒன்பது சொல் சொன்னார். மூன்றாம் தரம். மடியிலிருந்த பழைய சான்றிதழை எடுத்து ஆவுடைநாயகத்திடம் கொடுத்தாள். அவர் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"இப்ப விதி இருக்கு" என்றார்.

நாலாம் நாள் இலஞ்சியில் தர்மகர்த்தா வழியில் பார்த்து நின்றார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருந்தது. "அடுத்த சித்திரைக்குத் தளவாய் செட்டுன்னு பேசிட்டேன் தாயி. சாமி காரியம் பாரு."

"சரி பெரியப்பா."

"கோவமா?"

"நீங்க இருக்கதுல நல்லதத்தான எடுக்கணும்" என்றாள். அன்று ராச்சாப்பாட்டுக்கு அவள் வெறும் ரசம்தான் வைத்தாள். செல்லச்சாமி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

குற்றாலத்தில் பஞ்சாயத்து ஆபீசர் புதுச் சான்றிதழையும் இரண்டு தரம் படித்தார். "மூணாம் தரமா? அப்போ வேற செட்டுதான் பாக்கணும்" என்றார்.

"பாருங்க சார். ஆனா எந்தச் செட்டுன்னாலும் அது எத்தன அடின்னு கேட்டு, அத்தன அடில வைங்க. என்னோடது முப்பது. முப்பதுல வச்சுப் பாத்துட்டு, பொறவு என்னய அனுப்புங்க."

ஆபீசர் ஒழுங்கான மனிதர். நாடாவை எடுத்து வரச் சொன்னார். செல்லச்சாமி குழாய்களை அவிழ்த்து, பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்றாக, அருவியின் தெறிப்பு படுகிற தூரத்தில் கட்டினான். ஆம்ப்ளிஃபயர் நனையாமல் இருக்க ஒரு கோணிச்சாக்கையும் அதன்மேல் ஒரு குடையையும் கட்டினான்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மலையில் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. கிளை எதுவும் விழவில்லை, தண்ணீர்தான் கனத்தது. பேச்சித்தாய் மைக்கை வாயருகே பிடித்தாள்.

"பொம்பளையாளுக எல்லாரும் வெளிய வாங்க. தண்ணி கூடுது. வெளிய வாங்க!"

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

அருவிக்கு நடுவில், இருப்பதிலேயே நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பருத்த அம்மாள் கண்ணைத் திறந்தாள். திரும்பினாள். குழாயைப் பார்த்தாள். பிறகு குடைக்குக் கீழே மைக்கோடு நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களின் தோளைத் தட்டி முன்னால் தள்ளிக்கொண்டு, சேலையைப் பிழிந்தபடியே வெளியே வந்தாள். வந்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

"கேக்குதுட்டி! கேக்குது! காதுக்குள்ள வந்து எதுக்கு இந்தக் கத்துக் கத்துத? நாங்க என்ன செவிடா?"